இரண்டு வாரத்துக்கென்று தந்த குளிசையைக் கைவிட இரண்டு வருடம் ஆனது

மருந்துப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். குளோனசெபாம், டயசெபாம், லொரசெபாம், அல்பிரசோலாம் என்று ‘செபாம்’ அல்லது ‘சோலாம்’ என முடிந்தால் அவை எல்லாம் ஒரே குடும்பம். பென்சோடயசெபின் என்பது குடும்பப் பெயர். 1960இல் முதல் மருந்தும் 1963இல் வேலியம் என்ற பெயரில் டயசெபாமும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுத்துவந்த பார்பிட்டுரேட் குளிசைகள் கொஞ்சம் கூடினாலே ஆளைக் கொன்றன. அவற்றோடு பார்த்தால் இவை எவ்வளவோ பாதுகாப்பானவை. ஆகவே நான் சொல்லப்போவதை ‘இந்தக் குளிசை விஷம், தொடாதே’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அது வேலை செய்தது. வேலை செய்ததால்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு ஷிப்ட் பார்த்துவந்தேன். 2021 நவம்பரில் ஒரு இரவு, கொழுந்து உருட்டும் ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடத்தது, விரல் மரத்தது, மூச்சு பாதியில் நின்றதுபோல இருந்தது, ‘இன்றைக்கு முடிந்தோம்’ என்ற நினைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ‘வயிற்றில் கேஸ்’ என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் மூன்று தடவை அதே மாதிரி வந்தது. இங்கே ஒரு விஷயம். முதல் தடவை நெஞ்சு வலி வந்தால், அது பயத்தால் வந்தது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஈ.சி.ஜி., இரத்தத்தில் ட்ரொபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டுவது), தைரொயிட் (டி.எஸ்.எச்.), சீனி, ஹீமோகுளோபின் இவ்வளவையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். இரத்தக் குறைவு நம் தோட்டத்துப் பெண்களிடம் சாதாரணம். இன்னொன்று தேத்தண்ணி. நான் ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டுக் கோப்பை கடும் சாயம் குடித்துக்கொண்டிருந்தேன். படபடப்புக்கு மருந்து கேட்டுப் போனவன் அதைச் சொல்லவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சோதனைகளுக்கு 7,500 ரூபாய் போனது. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் சனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து) பார்த்தோம். டொக்டர் ஐந்து நிமிடம் பேசினார். இரண்டு மருந்து எழுதினார். ஒன்று காலையில் செர்ட்ரலின் 50 மில்லிகிராம். மற்றது இரவில் குளோனசெபாம் 0.5 மில்லிகிராம். அவர் சிங்களத்தில் சொன்னதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு வருடக் கதைக்கு வித்து அந்தத் தலையாட்டல்தான்.

இரண்டு மருந்தும் ஒரே பதற்ற நோய்க்குத்தான், ஆனால் வேலை செய்யும் விதம் நேரெதிர். குளோனசெபாம் போட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் உடம்பு தளர்ந்து மனது அடங்கிவிடும். மூளையில் காபா என்று ஒரு பொருள் இருக்கிறது, வேகத்தைக் குறைக்கும் பிரேக் மாதிரி. இந்தக் குளிசை அந்த பிரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கிறது. செர்ட்ரலின் அப்படி இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை ஆகும். முதல் பத்து நாள் குமட்டல், வயிற்றோட்டம், சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் குளோனசெபாமைக் கூடக் கொடுப்பது. மெதுவான மருந்து கையில் எடுக்கும்வரை இது தாங்கும், பிறகு இதை விட்டுவிட வேண்டும். நான் செய்தது தலைகீழ். குமட்டுகிறது, ஒன்றும் செய்யவில்லை என்று செர்ட்ரலினை ஆறாம் நாள் நிறுத்தினேன். ‘நல்ல குளிசை’யை மட்டும் வைத்துக்கொண்டேன். இதே தப்பைச் செய்தவர்களைப் பிறகு கிளினிக் வாங்கில் நிறையப் பேரைச் சந்தித்தேன். உங்களுக்கு இரண்டு மருந்து தந்தால், ‘இதில் எது நாள்பட்டது, எது கொஞ்ச நாளைக்கு’ என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக ஒன்றை வெட்டாமல் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். செர்ட்ரலினை 25இல் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் நிறையக் குறையும். பின்னால் அப்படித்தான் எனக்குத் தந்தார்கள், ஒத்துக்கொண்டது.

இரண்டு கிழமைக்குத் தந்த குளிசை முடிந்ததும் டொக்டர் மருந்து எழுதித் தந்த அதே துண்டோடு டவுன் பாமசிக்குப் போனேன். தந்தார்கள். அடுத்த தடவையும் தந்தார்கள். மூன்றாம் தடவை துண்டை எடுத்துக் காட்டவே தேவையிருக்கவில்லை, முகம் பழகிவிட்டது. துண்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனாலும் பாமசிக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டவன் நான்தானே.

பெப்ரவரியில் 0.5 போதாமல் போனது. மருந்தின் குணம் மாறவில்லை, மூளைதான் மாறிக்கொண்டது. பிரேக்கை வெளியிலிருந்து யாரோ அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை தன் பக்கத்து பிரேக்கைத் தளர்த்திவிடும். முதலில் தூக்கத்துக்கான பலன் குறையும். அதனால்தான் பல நாடுகளில் வைத்தியர்களுக்குச் சொல்லியிருப்பது இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் தொடர்ச்சியாகக் கொடுக்காதே என்று. இங்கிலாந்தில் 1988இலேயே அந்த அறிவுறுத்தல் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2020இல் இந்தக் குடும்ப மருந்துகளின் எச்சரிக்கைப் பெட்டியில் பழக்கமாதல், நிறுத்தும்போது வரும் ஆபத்து இரண்டையும் சேர்த்தார்கள். நான் நானாகவே பகலில் இன்னொரு 0.5 சேர்த்தேன். ஆக நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம்.

அந்த மாதங்களில் நடந்ததை அப்போது நான் மருந்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ட்ரையரின் சூட்டைக் குறித்துவிட்டு, குறித்தேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். மகள் சொன்னது அடுத்த நாள் நினைவில் இருக்காது. ஒரு இரவு ரோலர் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகியது. பக்கத்தில் நின்ற தம்பி சட்டையைப் பிடித்து இழுத்தார், அவ்வளவுதான் இடைவெளி. இந்தக் குளிசை எடுத்துக்கொண்டு இயந்திரம், வாகனம் இரண்டையும் தொடக் கூடாது, அதுவும் தொடங்கிய முதல் நாட்களிலும் அளவு கூட்டிய நாட்களிலும். இரவு போட்டது காலையிலும் உடம்பில் இருக்கும். குளோனசெபாமின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே முப்பது நாற்பது மணித்தியாலம் வரை எடுக்கும், டயசெபாம் அதைவிடவும் நீளும். அல்பிரசோலாம் பதினொரு மணித்தியாலம் அளவில். ஆகவே ‘நேற்று ராத்திரி போட்டது, இப்போது ஒன்றுமில்லை’ என்று கினிகத்தேனை வளைவில் பைக் ஓட்டுவது வீண் வீரம். வயதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. நம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கக்கூசு வெளியே, படி செங்குத்து, மழைக்கு வழுக்கும். அறுபது தாண்டியவர் இரவில் இதைப் போட்டுவிட்டு எழுந்து போனால் இடுப்பெலும்புக்கு உத்தரவாதம் இல்லை.

மிகப் பெரிய ஆபத்து குடி. குளிசையை மட்டும் கூடுதலாகப் போட்டவர் பெரும்பாலும் நீண்ட நேரம் தூங்கி எழுந்துவிடுவார். அதன்மேல் சாராயமோ கசிப்போ (கள்ளச் சாராயம்) சேர்ந்தால் மூச்சு அடங்கும். கொடெயின் கலந்த இருமல் பாணி, ட்ரமடோல், மோர்பின் வகை வலி மருந்துகளோடும் அப்படியே. தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் (குளோர்பெனிரமின்) குளிசை தூக்கத்தைக் கூட்டும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகொனசோல், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அல்பிரசோலாமை உடம்பில் தேங்க வைக்கும். ஆகவே எந்த டொக்டரிடம் எதற்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதல் வசனமாக இந்தக் குளிசையின் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள். பிள்ளை வயிற்றில் இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்று தெரிந்த உடனே பயந்து நிறுத்தவும் கூடாது. நான் கடைசியாகத் தெரிந்துகொண்டது அந்த ‘உடனே நிறுத்துவது’ பற்றித்தான்.

2022 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. ஜூன் மாதம் பாமசியில் குளோனசெபாம் இல்லை. ‘இதுவும் அந்த வகைதான் அண்ணே’ என்று டயசெபாம் 5 மில்லிகிராம் இரவுக்கு ஒன்று தந்தார்கள். வகை அதுதான், அளவுதான் வேறு. இதை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குளோனசெபாம் அரை மில்லிகிராம், அல்பிரசோலாம் அரை மில்லிகிராம், லொரசெபாம் ஒரு மில்லிகிராம், டயசெபாம் பத்து மில்லிகிராம். நான்கும் ஏறத்தாழச் சமம். எண் பெரிதாக இருப்பதால் டயசெபாம்தான் பலமானது என்று நினைப்போம், உண்மை நேர்மாறு. நான் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மில்லிகிராம் குளோனசெபாமுக்கு ஈடு டயசெபாம் 20. எனக்குக் கிடைத்தது 5. ஒரே இரவில் என் மருந்து கால்வாசியாகிவிட்டது, அது எனக்கும் தெரியாது, தந்தவருக்கும் தெரியாது. இந்தச் சமக் கணக்கை வைத்து நீங்களாக மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், வைத்தியர்தான் மாற்ற வேண்டும். ஆனால் மாற்றித் தரும்போது எண்ணைக் கேட்டு, சந்தேகம் வரவேண்டிய இடத்தில் சந்தேகப்பட இது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த ஆறு கிழமையை எப்படிச் சொல்வது. தூக்கம் இல்லை. கை நடுங்கியது. பாத்திரம் விழுந்தால் அந்தச் சத்தம் தலைக்குள் ஆணி அடித்ததுபோல இருந்தது. டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை. வாயில் இரும்புச் சுவை. மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். நோய் முற்றிவிட்டது என்று நானும் நம்பினேன், வீட்டிலும் நம்பினார்கள். மாமியார் ‘இது டொக்டர் பார்க்கிற வியாதி இல்ல தம்பி’ என்றார். குறி கேட்டு, கழிப்பு கழித்து, தாயத்துக் கட்டி 22,000 ரூபாய். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கண்டது அதுதான்.

நோய் திரும்புவதையும் மருந்து குறைவதையும் பிரித்துப் பார்க்கச் சில அடையாளம் உண்டு. பழைய பதற்றம் திரும்பினால் அது மெல்ல மெல்ல வரும், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். மருந்து குறைந்ததால் வருவது, குறைத்த சில நாளுக்குள் வரும். முன்பு இல்லாத புதுக் குணங்கள் இருக்கும்: சத்தம், வெளிச்சம் தாங்காமை, வாயில் உலோகச் சுவை, தசைத் துடிப்பு, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, நிற்கும் தரை அசைவதுபோல இருப்பது. குறைத்த தேதியையும் குணம் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நான் எழுதவில்லை. ஜூலைக் கடைசியில், ‘இந்தச் சனியனை நம்பித்தான் இந்தக் கதி’ என்று ரோஷப்பட்டு மிச்சத்தை அடுப்பில் போட்டேன்.

ஆறாம் நாள் காலை வலிப்பு வந்தது. எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. அதற்கு முந்தின நாள் முதுகு வலிக்கு ட்ரமடோல் ஒன்று போட்டிருந்தேன், அதுவும் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் மருந்து என்று பிறகுதான் தெரிந்தது. விழுந்ததில் புருவத்தில் நான்கு தையல். கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் கரண்டியை வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். இந்த மூன்றும் வேண்டாம். வலிப்பு வந்தவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்ற எதையாவது வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, முதல் தடவை என்றாலோ 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் காசு கேட்காது.

வார்டில் ‘ஏதும் மருந்து எடுக்கிறீங்களா’ என்று கேட்டபோது மனைவி இல்லை என்றார். பொய்யில்லை, ஆறு நாளாக எடுக்கவில்லைதானே. நான் தெளிந்த பிறகும் வெட்கத்தில் சொல்லவில்லை. காக்கா வலிப்பு என்ற சந்தேகத்தில் நாங்களாக அவசரப்பட்டு வான் பிடித்துக் கண்டிக்குப் போய் சி.டி. ஸ்கேனும் மூளை அலையைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி.யும் தனியாரில் எடுத்தோம். எரிபொருள் விலை ஏறியிருந்த நேரம், வான் கூலி மட்டும் 18,000. சோதனைகளுக்கு 21,000. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்க வலிப்பு மருந்து தொடங்க இருந்த நேரத்தில், ஒரு இளம் டொக்டர் தமிழில், ‘அண்ணே, தூக்கக் குளிசை ஏதாச்சும் நிப்பாட்டினீங்களா?’ என்று கேட்டார். ‘எடுக்கிறீங்களா’ இல்லை, ‘நிப்பாட்டினீங்களா’. அந்த ஒரு சொல்லில் எல்லாம் வெளியே வந்தது. நீங்கள் கூட்டிப்போகும் நோயாளி என்றால் கடந்த ஒரு மாதத்தில் நிறுத்திய மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசையைக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள், பட்டை இருக்காது. அந்த உறையை வீசாதீர்கள், அதில் எழுதியிருப்பதுதான் சாட்சி.

அதற்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி உளநலக் கிளினிக். நான் முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். போகாததற்கு ஒரே காரணம், ‘அங்கொடைக் கேஸ்’ (அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள்) என்று லயத்தில் பேர் வந்துவிடும் என்ற பயம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே எம்.ஓ.எம்.எச். (உளநல வைத்திய அதிகாரி) என்று சொல்லும் வைத்தியர் இருக்கிறார். கிளினிக் புத்தகம் போட்டுக்கொண்டால் பார்ப்பதும் மருந்தும் இலவசம், பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும்தான் செலவு. சிங்களம் தடுமாறினால் தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் அந்த வைத்தியர் என் பழைய துண்டை வாங்கிப் பார்த்தார். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. குளோனசெபாமுக்குப் பக்கத்தில் ‘2/52’ என்று எழுதியிருந்ததில் விரலை வைத்தார். அது ஏதோ கிளினிக் நம்பர் என்று ஒன்பது மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு 52 கிழமை, அதில் இரண்டு. இரண்டு கிழமைக்கு மட்டும் என்று முதல் நாளே எழுதித்தான் தந்திருக்கிறார்கள்.

ஆகவே துண்டை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பெரிய வித்தை இல்லை. கீழே 7 என்றால் நாள், 52 என்றால் கிழமை, 12 என்றால் மாதம். 5/7 ஐந்து நாள், 2/52 இரண்டு கிழமை, 1/12 ஒரு மாதம். ‘மானே’ என்றால் காலை, ‘நொக்டே’ என்றால் இரவு, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அந்த எஸ்.ஓ.எஸ்.ஸைத் தினமும் என்று எடுத்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது இறங்குகிற வேலை. வைத்தியர் செர்ட்ரலினைத் திரும்பத் தொடங்கினார். பழைய குளிசைக்குப் பதிலாக டயசெபாம் 20இல் நிறுத்தி, தூக்கமும் நடுக்கமும் அடங்கும்வரை மூன்று கிழமை அசையவிடவில்லை. உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறும் மருந்து என்பதாலும், சின்ன அளவுக் குளிசை கிடைப்பதாலும் இறங்குவதற்கு டயசெபாமை எடுப்பார்களாம். சிலருக்கு மாற்றாமல் அதே மருந்திலேயே குறைப்பார்கள். என் கணக்கு இது, உங்களுடையது வேறாக இருக்கும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு படி: 20, 18, 16, 14, 12, 10. பிறகு ஒவ்வொன்றாக 9, 8, 7, 6, 5. அதன் பின் அரை அரையாக. 5 மில்லிகிராம் குளிசையும் 2 மில்லிகிராம் குளிசையும் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். 16 என்றால் ஐந்தில் இரண்டு, இரண்டில் மூன்று. 9 என்றால் ஐந்தில் ஒன்று, இரண்டில் இரண்டு. 4.5 என்றால் இரண்டில் இரண்டும் கால் துண்டு ஒன்றும். கால் துண்டு வெட்ட புது பிளேடும் தட்டையான தட்டும் போதும், நான்கும் ஒரே அளவாக வராது. ஒரு குளிசையின் நான்கு துண்டையும் அடுத்தடுத்த நான்கு நாளில் முடித்தால் கூடக் குறைய சரியாகிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு வெட்டிய துண்டு உதிரும், சின்ன மூடிப் போத்தலில் வையுங்கள்.

படி சிறுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. 20இலிருந்து இரண்டைக் குறைத்தால் பத்தில் ஒரு பங்கு. 4இலிருந்து அதே இரண்டைக் குறைத்தால் பாதி. உடம்பு பங்கைத்தான் பார்க்கிறது. ‘இவ்வளவு குறைத்துவிட்டேன், மிச்சத்தை ஒரேயடியாக விட்டுவிடுகிறேன்’ என்று 5இல் நின்று குதித்தவர்கள்தான் திரும்ப 20க்குப் போகிறார்கள். வைத்தியர் எனக்குச் சொன்ன ஒழுங்கு: ஒரு படி இறங்கி மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கஷ்டமாக இருக்கும், எதிர்பார். தாங்க முடியாவிட்டால் அந்தப் படியிலேயே நில், மேலே ஏறாதே, கிளினிக்குக்கு வா. நான் இரண்டு தடவை ஒவ்வொரு மாதம் நின்றேன். ஒன்று 8இல், ஒன்று 2இல். 2இல் நின்றது வெட்கமாகக்கூட இருந்தது, ஒரு சின்னக் குளிசைக்கு ஒரு ஆம்பளை இப்படியா என்று. வாட்டம் பத்தாத கொழுந்தை அவசரப்பட்டு ரோலரில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு, இது விளங்க எவ்வளவு நாள்!

கடைக் கலண்டரில் ஒவ்வொரு நாளும் மூன்று குறிப்பு எழுதினேன்: போட்ட அளவு, தூங்கிய மணி, படபடப்புக்குப் பத்தில் எத்தனை. கிளினிக்கில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். கலண்டர் தாளைக் கொடுத்தால் வாய்ப் பேச்சு தேவையில்லை, மொழியும் தேவையில்லை. தேத்தண்ணியைப் பகல் இரண்டு மணியோடு நிறுத்தினேன், ஸ்டோரில் இருந்துகொண்டு அதுவே தனி விரதம். பயம் ஏறும்போது மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடுவது. மூச்சை வேகமாக இழுப்பதால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது என்று விளங்கிய அன்றே பாதிப் பயம் போனது. நைட் ஷிப்டை மாற்றிக் கேட்டேன், இரவு வேலைக்குத் தரும் படிக்காசு போனது. சிலருக்குக் கைநடுக்கத்துக்குப் ப்ரொப்ரனலோல் தருவார்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது, இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மொத்தக் கணக்கு: சனலிங் இரண்டு தடவை 5,000, சோதனை 7,500, குளிசை ஒன்பது மாதத்துக்கு 13,000, கழிப்பு 22,000, வான் 18,000, ஸ்கேன் 21,000. ஆக 86,500 ரூபாய். சம்பளமில்லா லீவு 23 நாள். அதில் குளிசைக்குப் போனது 13,000 மட்டும், மிச்சம் முழுக்க அது என்னவென்று தெரியாததற்குப் போனது. இறங்கி முடிக்க 2022 செப்டெம்பரிலிருந்து 2024 ஜனவரி வரை ஆனது. கடைசிக் கால் துண்டை நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் தூக்கம் ஏறுமாறாகத்தான் இருந்தது. செர்ட்ரலின் இன்னும் எடுக்கிறேன். அதையும் ஒரு நாள் விடும்போது படிப்படியாகத்தான் விட வேண்டும் என்று இப்போது கேட்காமலே தெரியும்.

தாங்க முடியாத இரவு வந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. நான் ஒரு தடவை அழைத்தேன், 8இல் நின்றிருந்த மாதம். வீட்டில் இருக்கும் குளிசையை அந்த நாட்களில் மனைவியிடம் கொடுத்து, ஒரு நாளுக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

முடித்தபோது ஐந்து மில்லிகிராமில் பதினொன்று மிச்சம் இருந்தது. அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா எப்படியோ கேள்விப்பட்டு, ‘தம்பி, எனக்கு ராவில தூக்கமே இல்ல, அதுல ரெண்டு தாங்களேன்’ என்று வந்து நின்றார். அவருக்குத் தொய்வு, வயது அறுபத்தெட்டு. கொடுக்கவில்லை. கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் போனார். பதினொன்றையும் உறையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய் மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய தூக்கம் கெட்டது இரவு இருமலால் என்று தொய்வுக்கு இழுக்கும் பம்ப் எழுதிக் கொடுத்தார்கள்.